வேல்ஸ்: கோட்டைகளை விட்டு வேறு என்ன பார்த்தீர்கள்?

கோடையில் குடும்பத்தோடு வேல்ஸ் போகிறோம். கோட்டைகளைப் பற்றி வேண்டிய அளவு படித்தாகிவிட்டது. சாப்பாடு, ஆட்சி, பொழுதுபோக்கு என்று நேரில் கண்டதைச் சொல்லுங்கள்.

ஸ்வான்சி சென்றவர்:
நகர நடுவில் கூரை போட்ட சந்தை ஒன்று இருக்கிறது. அதன் மையத்தில் பக்கத்துக் கடலோரக் கிராமமான பென்கிளவுத்தின் மட்டி விற்கும் கடைகள். பக்கத்திலேயே கரும்பச்சையாக ஒன்றைக் குவித்து எடை போட்டுத் தருவார்கள்; அதுதான் லாவர்பிரெட். கடற்பாறையில் வளரும் பாசியை மணல் போகப் பலமுறை அலசி, மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. பார்வைக்குக் கடைந்த கீரைதான்; நாக்கில் பட்டால் உப்பும் இரும்பும் கலந்த கடல் ருசி. ஓட்ஸில் புரட்டி, பன்றிக் கொழுப்பில் பொரித்து, மட்டியோடு காலையில் சாப்பிடுகிறார்கள். என் கணவர் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். அவர் பங்கும் எனக்கே கிடைத்தது. சைவர்கள் கிளமார்கன் சாசேஜ் கேட்கலாம்: சீஸ், லீக் என்ற வெங்காயத்தாள் போன்ற காய், ரொட்டித்தூள், அவ்வளவுதான்.

கார்டிஃபில் வேலை செய்பவர்:
கடலோரத்தில் உள்ள செனெத், அதாவது வேல்ஸ் நாடாளுமன்றம், பார்க்கக் கட்டணம் இல்லை. பார்வையாளர் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் உறுப்பினர்களின் தலை நமக்குக் கீழே தெரியும். ஒருவர் வெல்ஷ் மொழியில் பேசுவார், அடுத்தவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேல்ஸுக்குத் தனி அவை வேண்டுமா என்று 1997இல் நடந்த வாக்கெடுப்பில் 50.3 சதவீத ஆதரவோடு மயிரிழையில் பிறந்த அவை இது. காவல்துறையும் நீதிமன்றமும் இன்னும் லண்டன் கையில். மருத்துவமும் கல்வியும் இங்கே. மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கு 2007 முதல் காசு வாங்குவதில்லை. எல்லை தாண்டி இங்கிலாந்து போனால் வாங்குவார்கள். குடியிருப்புச் சாலைகளில் 20 மைல் வேகம் என்று 2023இல் கொண்டுவந்ததற்கு வாங்கிய வசவையும் டாக்ஸியில் ஏறினால் இலவசமாகக் கேட்கலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை: ரக்பி போட்டி நாளில் கார்டிஃபில் அறை தேடாதீர்கள். ஏறக்குறைய 74,000 பேர் கொள்ளும் மைதானம் கடைவீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பான்டிப்ரித் சென்றவர்:
ஆகஸ்டில் போவதானால் ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் மொழிக் கலை இலக்கிய விழாவைத் தவறவிடாதீர்கள். 2024இல் பான்டிப்ரித் பூங்காவில் பார்த்தேன். யாப்பு பிசகாத நெடுங்கவிதைக்குப் பரிசு, ஒரு நாற்காலி, நிஜமான நாற்காலி. புனைபெயரில்தான் கவிதை அனுப்ப வேண்டும். எக்காளம் ஊதி அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து நிற்கிறார், விளக்கு அவரைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு பெரிய வாளைப் பாதி உருவி, "அமைதி உண்டா?" என்று மூன்று முறை கேட்கிறார்கள், அரங்கமே "அமைதி" என்று முழங்குகிறது. தகுதியான கவிதை வராத ஆண்டில் நாற்காலி யாருக்கும் கிடையாது. விருது கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். மேடையில் வெல்ஷ் மட்டும்தான், ஆகவே மொழிபெயர்ப்புக் கருவியை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் இடம் மாறும், அறை பதிவு செய்யும் முன் எந்த ஊர் என்று பார்த்துவிடுங்கள்.