உருக்க வந்த பவுண் காசுகள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்க

ஆரையம்பதி

பழைய பவுண் காசு, அதான் பிரித்தானியாட சொவரின் எண்ட தங்கக் காசு, ஆராவது உருக்கக் கொண்டு வந்தா, பட்டறையில இருக்கிற அண்ணன் எனக்கு ஒரு கோல் எடுப்பார். போன வருசம் பொங்கலுக்கு முந்தி அப்பிடித்தான் ஓடினன். களுவாஞ்சிகுடி மாமி ஒராள், தாலிக்கொடியில கிடந்த ரெண்டு காசோட இருந்தா. முகத்தில கோபம். வேற ஒரு கடையில நிறுத்துப் பாத்து, "எட்டுக் கிராம் வரல்ல, தேஞ்ச காசு" எண்டு விலையைக் குறைச்சிட்டாங்களாம்.

தராசு 7.96 காட்டிச்சு. "மாமி, இது அச்சடிச்ச அண்டைக்கே எட்டுக் கிராம் இல்ல, 7.988தான். எட்டு எண்டது கடைக்காரர் வைச்சிருக்கிற பவுண் கணக்கு. இருவத்திரண்டு கரட், சுத்தத் தங்கம் மட்டும் 7.32 கிராம்" எண்டன்.

"அப்ப என்ட காசில களவில்லையா மனே?"

"காசில இல்ல மாமி."

அண்ணன் வாயைப் பொத்திச் சிரிச்சார்.

ரெண்டும் ஐந்தாம் ஜோர்ஜ் தலை. ஒண்டு 1911, எங்க அச்சடிச்சதெண்டு காட்டுற எழுத்தில்ல, அதால லண்டன் அச்சு. மற்றதில, பின்பக்கத்தில குதிரைவீரன்ட குதிரை நிக்கிற தரையில, ஆண்டுக்கு மேல சின்னதா இங்கிலீசு 'ஐ' (I) எழுத்து. பம்பாய்! முதலாம் உலகப் போர் நேரம் 1918இல மட்டும் அங்க பவுண் அடிச்சாங்க. சிட்னிக்கு 'எஸ்', மெல்பேர்னுக்கு 'எம்', பேர்த்துக்கு 'பி' எல்லாம் நம்மட பக்கம் கண்டிருக்கிறன். இதைக் கையில பிடிச்சது அண்டைக்குத்தான்.

ஆனா உள்ளதைச் சொல்லோணும். பம்பாயில ஏறத்தாழ 13 இலட்சம் காசு அடிச்சவங்க. அதோட இதுக்குக் கொடியில கோக்கிறதுக்குக் காது (வளையம்) ஒட்டியிருக்கு. காது வைச்ச காசுக்குச் சேகரிப்பாளர் தங்க விலைக்கு மேல சல்லி தரமாட்டாங்க. எனக்கெண்டா அந்தக் காதுதான் விருப்பம், ஒரு குடும்பத்துக் கழுத்தில கிடந்த அடையாளம். மாமிட்ட ரெண்டையும் சொன்னன். லண்டன் காசை உருக்கக் குடுத்தா. பம்பாயை முந்தானையில முடிஞ்சா. எனக்கும் தரல்ல.

கல்முனை

எங்கட உம்மும்மாட பெட்டகத்திலயும் ஒரு காசு இருந்திச்சு, வாப்பா குவைத்தில வேலை செய்யக்குள்ள வாங்கினது. நிறை சரி, தங்கமும் சரி. ஆனா குதிரையில இருக்கிறவர்ர முகம் மெழுகு உருகின மாதிரி, ஓரத்துப் பல்லும் ஒழுங்கில்ல. பாத்த நானா ஒராள் "பெய்ரூத் காசு" எண்டார். 1950கள், 60கள்ல லெபனான்ல இப்பிடி நிறைய அடிச்சிருக்காங்க. அசல் தங்கத்தில போலிக் காசு! அளவு பாருங்க, அசல் 22.05 மில்லிமீற்றர். உருக்கினா நட்டமில்ல, ஆண்டைப் பாத்துத் தங்க விலைக்கு மேல காசு குடுத்தாத்தான் நட்டம்.

அக்கரைப்பற்று

எனக்கு நடந்தது வேற. வயல் உழக்குள்ள கிடைச்ச ஒல்லாந்தர் தங்கக் காசு எண்டு ஒராள் வந்தான். ஒல்லாந்தர்ர கிழக்கிந்தியக் கொம்பனியிர 'விஓசி' (VOC) முத்திரை, பளபளப்பு. அந்த முத்திரையோட நம்மட மண்ணில வழமையாக் கிடைக்கிறது டொய்ட் எண்ட செப்புக் காசு. ஒல்லாந்தர்ர டுக்காட் எண்ட தங்கக் காசில போர்வீரன் அம்புக் கட்டோட நிப்பான், மெல்லிசு, 3.5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இவன்ட காசு தடிப்பா, பித்தளை நிறத்தில இருந்திச்சு.

"தம்பி, இது உண்மையா நிலத்துக்குள்ள எடுத்ததெண்டா, 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அரசாங்கத்துக்குச் சொந்தம். வா, ரெண்டு பேருமாப் போய்க் குடுப்பம்" எண்டன்.

"இல்ல காக்கா, இது மாமாட காசு" எண்டான்.