சொல் வேண்டும்: குழந்தை வளர்ச்சிச் சேவையில் ‘கோச்சிங்’

வணக்கம்.

மூன்று வயதுக்குள் வளர்ச்சித் தாமதமோ மூளை முடக்குவாதமோ தெரியவரும் குழந்தைகளின் வீட்டாருக்கான ஆய்வுப் படிவங்களைத் தமிழாக்கும்போது ஒரு சொல் திரும்பத் திரும்பக் காலை வாருகிறது: கோச்சிங்.

பின்னணி சுருக்கமாக. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான சேவைத் திட்டத்தைக் குடும்பத்துக்கான திட்டமாக எழுத வைத்தது. டன்ஸ்ட், மெக்வில்லியம் போன்றோரின் ஆய்வுகள், தெரபிஸ்ட் கையில் இருந்த வேலையைக் குளியல், சாப்பாடு, தூக்கம் என்ற வீட்டு அன்றாடத்துக்குள் கொண்டுபோயின. கணக்கு எளிது. தெரபிஸ்ட் வாரம் ஒரு மணி நேரம் வருகிறார். குழந்தை நாளுக்கு 11 மணி நேரம் விழித்திருப்பதாக வைத்தால் வாரத்துக்கு 77. மீதி 76 மணி நேரம் யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தெரிந்துகொள்ள உதவும் முறைதான் இந்தக் கோச்சிங். அதை ரஷ், ஷெல்டன் இருவரும் ஐந்தாகப் பிரித்தார்கள்: கூடித் திட்டமிடல், கவனித்தல், செய்து பார்த்தல், எண்ணிப் பார்த்தல், கருத்துச் சொல்லல்.

இதற்குப் ‘பயிற்சி’ என்று போட்டால் கெடுகிறது. தமிழக அரசின் மையங்களுக்கே ‘ஆரம்ப நிலை பயிற்சி மையம்’ என்றுதான் பெயர். அங்கே பயிற்சி பெறுவது குழந்தை. பேச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி எல்லாமும் அப்படியே. “உங்களுக்குப் பயிற்சி தரப்பட்டதா?” என்று கேட்டால் “வாரம் ரெண்டு நாள் குடுக்கிறாங்க” என்று பதில் வரும். அது குழந்தையின் தெரபி எண்ணிக்கை. தரவு தப்பான கட்டத்தில் போய் விழும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

கோச்சிங் என்றே விடலாமா? நீட் கோச்சிங் சென்டர் நினைவுக்கு வராத வீடு தமிழ்நாட்டில் இல்லை.

– செ., மதுரை

———

செ. ஐயா, சொல் தேடுமுன் செயல் என்னவென்று பார்த்துவிடுவோம்.

இரண்டு வயதுக் குழந்தை, மூளை முடக்குவாதம். அம்மா மடியில் மல்லாத்தி, பாலாடையில் தண்ணீராகக் கஞ்சி ஊற்றுகிறார். தலை பின்னால் சாய்கிறது, இருமல் வருகிறது. பழைய முறையில் தெரபிஸ்ட் குழந்தையை வாங்கித் தானே ஊட்டிக் காட்டிவிட்டு, “இப்படிச் செய்யுங்க” என்று ஒரு தாளைக் கொடுப்பார்.

இந்த முறையில் கிண்ணம் அம்மா கையிலேயே இருக்கும். முதலில் நாலைந்து வாய் சும்மா பார்க்க வேண்டும். பிறகு கேள்வி: “இருமல் எப்ப வருது?” தலை சாயும்போது என்று அவரே சொல்லிவிடுவார், பெரும்பாலும். “தலை சாயாம இருக்க என்ன பண்ணலாம்?” குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, மடித்த துண்டைப் பிடரிக்குக் கொடுத்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி அவரே வைத்துப் பார்ப்பார். கரண்டி மேலிருந்து வந்தால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், கழுத்து மறுபடி பின்னால் போகும். அதனால் எதிரிலிருந்து, உதட்டு மட்டத்தில். கஞ்சிக்குப் பதில் பருப்பில் பிசைந்த இட்லி, கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழியாத பதம். ஐந்து வாய் கொடுத்ததும் “என்ன மாறிச்சு?” என்ற கேள்வி. அடுத்த வருகை “போன தடவை பேசினது எப்படிப் போச்சு?” என்றுதான் தொடங்கும்.

தெரபிஸ்ட் செய்து காட்டவே கூடாது என்றில்லை. இரண்டு வாய் காட்டலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு. பிறகு கிண்ணம் திரும்பிப் போக வேண்டும். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டினாலோ இதெல்லாம் நிறுத்திவிட்டு மருத்துவரிடம். அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆக, செய்கிறவர் குழந்தையின் வீட்டார், கூட இருப்பவர் தெரபிஸ்ட். சொல்லில் இந்த இரண்டும் வர வேண்டும். ‘பழக்குதல்’ எப்படி?

– க., திருச்சி

———

> ‘பழக்குதல்’ எப்படி?

யானையைப் பழக்குவார்கள், வண்டி மாட்டைப் பழக்குவார்கள். அம்மாவையுமா?

இலங்கையில் முதலில் ‘வழிகாட்டல்’ என்றுதான் கை போகும். ஆனால் பாடசாலைகளில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்று ஒரு சேவை ஏற்கெனவே இருக்கிறது. உளவளத் துணை என்று விளங்கிக்கொள்வார்கள். ‘பயிற்றுவிப்பாளர்’ விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட்டது.

க. அம்மா சொன்ன வேர் சரி, வடிவம்தான் பிழை. பழக்கு வேண்டாம், பழகு. சைக்கிள் ஓடப் பழகுகிறார், நீந்தப் பழகுகிறார் என்று எங்கள் பக்கம் அன்றாடம் சொல்கிறோம். பழகுபவர்தான் அங்கே எழுவாய்.

– ர., யாழ்ப்பாணம்

———

நான் ‘செய்துணை’ என்று எழுதி வைத்திருந்தேன். செய்பவருக்குத் துணை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் விட்டுவிட்டேன்: கிராமத்தில் ‘செய்வினை’ என்றே காதில் விழும். “வீட்டுக்கு வந்து செய்துணை செய்வோம்” என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ர. ஐயாவின் வேரை எடுத்துக்கொண்டு: பழகுதுணை. வினைத்தொகை, ஆகவே குடிதண்ணீர், சுடுசோறு போல வல்லினம் மிகாது. ‘பழகுத்துணை’ என்று எழுத வேண்டாம். ஆளைக் குறிக்கப் பழகுதுணையாளர். ‘துணைவர்’ கூடாது, கணவர் ஆகிவிடுவார்.

– மு., கோவை

———

பழகுதுணை நிற்கும் என்று நினைக்கிறேன். ‘பழகு’ நட்பையும் குறிக்குமே என்ற ஐயம் வரலாம், வாக்கியத்தில் வைத்தால் போய்விடுகிறது: “அமர்வில் பாதி நேரம் பழகுதுணை, மீதி நேரம் நேரடித் தெரபி.”

ஆய்வுக்காக அமர்வின் காணொளியைப் பார்த்து, எதில் என்ன நடந்தது என்று குறியிடுபவர்களுக்கு மூன்று சொற்களைப் பிரித்தே தர வேண்டும். 45 நிமிட அமர்வை 30 விநாடித் துண்டுகளாக்கினால் 90. ஒவ்வொரு துண்டிலும் கிண்ணம் யார் கையில் என்பதே முதல் கேள்வி. வீட்டாரின் கையில் இருந்து, தெரபிஸ்ட் பார்த்தோ கேட்டோ உடனிருந்தால் பழகுதுணை. தெரபிஸ்ட் கையில் இருந்து வீட்டார் பார்த்தால் செய்துகாட்டல். இருவர் கையிலும் இல்லாமல் பேச்சு மட்டும் நடந்தால் சொல்லிக்கொடுத்தல். மூன்றையும் ‘பெற்றோர் பயிற்சி’ என்ற ஒரே பெட்டியில் போட்டால், முழு அமர்வும் சொற்பொழிவாகப் போனதுகூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

பெற்றோர் நிரப்பும் தாளில் மட்டும் இந்தச் சொல் வேண்டாம். அங்கே: “தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது நீங்களே குழந்தைக்கு ஊட்டிப் பார்த்தீர்களா?” குளியலுக்குத் தனிக் கேள்வி, இரண்டையும் ஒரே வரியில் கேட்டால் ‘ஆம்’ எதற்கு என்று தெரியாது. மறுமொழிபெயர்ப்பை, அதாவது தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் வேலையை, மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். பார்த்தவர் ‘பயிற்சி’யைக் கண்டாலும் கோச்சிங் என்றே திருப்பி எழுதுவார், பிழை வெளியே வராது.

அடுத்து, கேர்கிவருக்குப் போடும் ‘பராமரிப்பாளர்’. பம்புசெட்டுக்கும் அதே சொல். ‘தாயார்’ என்று அச்சடித்தால் இரவில் ஊட்டும் பாட்டி கணக்கில் வரமாட்டார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

– செ.