10.75 சராசரி: லோமன் உண்மையிலேயே அவ்வளவு பெரிய பவுலரா?

உப்புவெளி இடக்கை:
டெஸ்டில நூறு விக்கெட்டாவது எடுத்தவைக்குள்ள ஆகக் குறைஞ்ச பவுலிங் சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் குடுத்த ரன், குறையக் குறைய நல்லது) ஆருக்கு எண்டு தேடினால் பழைய இங்கிலாந்து பவுலர் ஜோர்ஜ் லோமன் எண்ட பேர்தான் வருது. 18 டெஸ்ட், 112 விக்கெட், 10.75. எங்கட முரளிக்கு 22.72. அதில பாதி கூட இல்லை! தென்னாபிரிக்கா 30 ரன்னுக்குச் சுருண்ட காலத்து ஆள்தானே? டச் பே கடற்கரை மணல்ல சின்னப் பெடியங்களுக்குப் போட்டால் நானும் எட்டு எடுப்பன்.

டொக்யார்ட் றோட்:
அந்தக் காலம் பிட்சை மூடி வைக்கிறேல்லை. மழை பெய்து வெயில் எறிச்சால் ஆர் போட்டாலும் திரும்பும். ஒப்பிடவே கூடாது. (மணல்ல பந்து எழும்பாது மச்சான், எட்டு விக்கெட் கதையை விடு.)

உவர்மலை ஸ்கோரர்:
தம்பி, நான் முப்பது வருசம் ஸ்கோர் எழுதினவன். கணக்கைப் பிரிச்சுப் பாப்பம்.

தென்னாபிரிக்காவோட லோமன் விளையாடினது 3 டெஸ்ட், எல்லாம் 1896-ல. 35 விக்கெட், சராசரி 5.80. போர்ட் எலிசபெத்தில முதல் இன்னிங்ஸ் 38 ரன்னுக்கு 7 விக்கெட், ரெண்டாவதில 7 ரன்னுக்கு 8, கடைசி மூண்டும் அடுத்தடுத்த பந்தில, ஹட்ரிக். ஜோஹன்னஸ்பேர்க்கில 28-க்கு 9. இதில நீர் சொல்லுறது நியாயம், கழிச்சுப் போடும். மிச்சம் 15 டெஸ்டும் அவுஸ்திரேலியாவோட. 77 விக்கெட், விக்கெட்டுக்கு 13 ரன். சிட்னியில மட்டும் ரெண்டு தரம் ஒரு இன்னிங்ஸில எட்டு. அவங்கள் டச் பே பெடியங்களோ?

அதோட, ஆளுக்குச் சோறு போட்டது டெஸ்ட் இல்லை, சரே எண்ட இங்கிலாந்துக் கவுண்டி அணி. 1888, 89, 90, மூண்டு சீசனிலயும் 200-க்கு மேல விக்கெட். எத்தினை பந்து போட்டவர் எண்டு பாக்க, ஓவர் எண்ணிக்கையை ஆறால பெருக்கிப்போடாதையும். இங்கிலாந்தில 1888 வரைக்கும் ஓவருக்கு நாலு பந்து, பிறகு அஞ்சு, 1900-லதான் ஆறு.

லோமன் போட்டது மீடியம் பேஸ்தான், நடுத்தர வேகம். நானும் போட்டனான், சீமெந்துக்கு மேல தும்புப் பாய் விரிச்ச பிட்சில. பாயில விரலால வெட்டிவிட்டால் பந்து கடிச்சுத் திரும்பும், அது பெரிய வித்தையில்லை. அதே கைவீச்சில, பட்ஸ்மனுக்குத் தெரியாமல், பந்தை ஒரு பிடி மெதுவா விடவேணும். லோமன் பேர் எடுத்தது அதில. நான் செய்யப் போனால் எங்கட கீப்பருக்கே முதல் விளங்கிவிடும்.

1892 முடிய மனுசனுக்குச் சயரோகம். காய்ஞ்ச காத்துக்காகத்தான் தென்னாபிரிக்கா போனது. திரும்பி வந்து 1896 ஓவல் டெஸ்டுக்குச் சம்பளம் பத்துப் பவுண் காணாது, இருபது தாங்கோ எண்டு இங்கிலாந்து ஆட்டக்காரர் அஞ்சு பேர் கேட்டினம். மூண்டு பேர் இறங்கி வந்திட்டினம். லோமனும் வில்லியம் கன்னும் மாட்டன் எண்டு நிண்டவை. அதுக்குப் பிறகு லோமனுக்கு டெஸ்டே இல்லை. 1901-ல, 36 வயசில, தென்னாபிரிக்காவிலயே செத்துப்போனார்.

உப்புவெளி இடக்கை:
ஐயா, 13-ஐ ஏற்கிறன். 10.75-க்கு இன்னும் மனம் வரேல்லை. அதுசரி, உங்கட கீப்பருக்கு எப்பிடி விளங்கினது?

உவர்மலை ஸ்கோரர்:
மெதுவாப் போடப்போனால் நாக்கைக் கடிச்சுக்கொண்டு ஓடிவருவனாம். சீசன் முடிஞ்சாப் பிறகுதான் சொன்னவன், பாவி.