குளம் வெட்டுறதுக்கு முன்னாடி அளக்காம விட்டது: பார்த்ததைச் சொல்லுங்க

பீலிக்கரை, கொட்டகலை

ஒரு வீட்டுக்குப் பின்னால வெட்டின குளம். 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், பள்ளம் பார்க்க அழகா இருந்துச்சு. கறுப்புப் பொலித்தீன் விரிச்சு தண்ணி விட்டாங்க. பள்ளத்துப் பக்கம் விளிம்பு தொட்டு லீக்ஸ் பாத்திக்குள்ள வழியுது. அதே நேரம் மேட்டுப் பக்கம் ஒன்றரைச் சாண் பொலித்தீன் காய்ஞ்சு கிடக்குது. அந்தக் கறுப்புப் பட்டை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஆழத்தை அளந்திருந்தாங்க, மட்டத்தை அளக்கல. கரையில எந்த இடம் எல்லாத்தையும் விடப் பள்ளமோ அந்த இடம்தான் தண்ணி எவ்வளவு நிக்கும்னு முடிவு பண்ணுது. நம்ம மலைநாட்டுல வெறுங்கண்ணுக்குச் சமமாத் தெரியுற தரையை நம்பவே கூடாது. பின்னால மலை சரிஞ்சு நிக்கிறதால கண்ணு அந்தச் சரிவையே மட்டம்னு எடுத்துக்கும்.

வேண்டியது 10 மீட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் டியூப், உள்விட்டம் 8 மில்லிமீட்டர் போதும். ஒரு முனையை வாளித் தண்ணிக்குள்ள போட்டு மறுமுனையில உறிஞ்சி நிரப்புங்க. நீலச் சொட்டு கொஞ்சம் கலந்தா கோடு தெளிவாத் தெரியும். நிரப்பினதும் ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சுப் பாருங்க. தண்ணி ஒரே மட்டத்துல நிக்கலன்னா உள்ள காத்துக் குமிழி மாட்டியிருக்கு, டியூபைத் தட்டித் தட்டி வெளியேத்துங்க. அளக்கும்போது முனையைக் கட்டைவிரலால மூடக்கூடாது. நடக்கும்போது மூடலாம், பார்க்கும்போது திறந்துடணும்.

குளத்தோட விளிம்பு வர்ற இடத்துல சுண்ணாம்பால கோடு போட்டு, அந்தக் கோட்டுல மீட்டருக்கு ஒரு முளை அடிங்க. பள்ளமான முளையில ஒரு முனை, மத்த முளை ஒவ்வொண்ணுலயும் மறுமுனை. தண்ணிக் கோட்டை முளையில பென்சிலால குறிச்சு, அங்கிருந்து தரைக்கு எத்தனை சென்டிமீட்டர்னு எழுதுங்க. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் 15க்குள்ள இருந்தா பள்ளத்துப் பக்கத்தை உயர்த்திச் சமாளிக்கலாம். 30ஐத் தாண்டினா குளத்தை மேட்டுக்குள்ள தள்ளி வெட்டணும், இல்லன்னா ரெண்டு தட்டா ரெண்டு சின்னக் குளம். மேல சொன்ன குளத்துல வித்தியாசம் 35.

ஊவாக்காத்து, வெலிமடை

அண்ணன் சொன்ன அதே கோளாறு, இங்க கணக்குல வந்துச்சு. கிழங்குப் பாத்திக்குத் தண்ணி சேர்க்க வெட்டின குளம். ஆழம் 1 மீட்டர்னு எழுதி வச்சிருந்தாங்க, ஆனா அளந்தது மேட்டு விளிம்புல இருந்து. பள்ளத்து விளிம்புல இருந்து பார்த்தா 60 சென்டிமீட்டர்தான். அடியில 15 சென்டிமீட்டர் சேறு, அதைப் பம்ப் இழுக்காது. மிச்சம் 45. கிழங்கு பருக்குற நேரத்துல குட்டித் தண்ணி பம்ப் காத்தை இழுத்துக் கத்தினதுதான் மறக்க முடியாதது. குளத்துல தண்ணி இருக்கு, பாத்திக்கு வரல.

டேப்பைத் தரையோட தரையாப் போடுறதும் இதே வகைதான். 30 பாகை சரிவுல தரையோட 5 மீட்டர் அளந்தா, கிடையா அது 4.33 மீட்டர்தான். டேப்பைக் கிடையாப் பிடிச்சு, பள்ளத்து முனையில கயித்துல கல்லைத் தொங்கவிட்டு, கல்லு தொடுற இடத்துல முளை அடிக்கணும்.

தண்ணிக் கணக்கை இப்படிப் பாருங்க. காயுற காலத்துல 100 சதுர மீட்டர் மரக்கறிப் பாத்திக்கு நாளைக்கு 4 மில்லிமீட்டர்னு வச்சா 400 லீட்டர். 10 நாள் மழை இல்லன்னா 4,000. 10 சதுர மீட்டர் பரப்புள்ள குளத்துல நாளைக்கு 3 மில்லிமீட்டர் ஆவியாப் போனா அதுக்கு 300 லீட்டர். சேத்துக்கு விடுற அடித்தண்ணி தனி. கோணல்மாணலான குளமா இருந்தா நடுவில ஒரு கயிறு கட்டி, 50 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை குறுக்கு அகலத்தை எடுத்து, எல்லாத்தையும் கூட்டி 0.5 ஆல பெருக்குங்க, பரப்பு வந்துடும். முட்டை வடிவம்னா நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் 0.785. ஆழத்துக்கு அதிகபட்சத்தைப் போடாதீங்க. பக்கம் சரிஞ்சு, ஒரு படியும் வச்ச 60 சென்டிமீட்டர் குளத்துல சராசரி 40 கிட்டத்தான் வரும். 4க்கு 2.5 முட்டைக் குளம்னா 7.85 சதுர மீட்டர், சராசரி 40ல 3,100 லீட்டர் சொச்சம்.

கறுப்புச்சீட், தலவாக்கலை

பொலித்தீன் வாங்கப் போறவங்களுக்கு. ஆழத்தை ரெண்டு தரம் கூட்டணும், ரெண்டு தரம்! இங்க ஒருத்தர் ஒரு தரம் கூட்டிட்டு 5.2 மீட்டர் வாங்கிட்டு வந்தார். ஒரு மூலை எட்டல. இழுத்துப் பிடிச்சுக் கல்லு வச்சாச்சு. தண்ணி பாதி ஏறினதும் பாரம் கீழ அழுத்த, அந்த மூலை சர்ருன்னு கிழிஞ்சது வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

நீளம் 4, ஆழம் 0.6 ரெண்டு தரம், கரைக்கு மேல பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். மொத்தம் 5.8. அகலம் அதே மாதிரி 4.3. ஆழத்தைத் தண்ணி மட்டத்துல இருந்து எடுக்காதீங்க, மட்டம் பண்ணி முடிச்ச கரையில இருந்து எடுங்க. படி வச்சா கூடுதலா வாங்கணும்னு கடையில சொல்லுவாங்க, தேவையில்ல. படியோட கிடைப்பகுதி ஏற்கெனவே நீளத்துக்குள்ள இருக்கு, செங்குத்துப் பகுதி ஆழத்துக்குள்ள இருக்கு.

தடிப்பு 500 கேஜ் வேண்டாம், அது 125 மைக்ரோன்தான். 1000 கேஜ் எடுங்க, 250 மைக்ரோன். நம்ம மண்ணுல வெள்ளைக்கல்லு கண்ணாடித்துண்டு மாதிரி வரும். மணல் 5 சென்டிமீட்டர் போடச் சொல்லுவாங்க, சரிவான பக்கத்துல அது நிக்காம அடிக்கு இறங்கிடும். கழுவின உரச் சாக்கைப் பிரிச்சு ரெண்டு அடுக்கு விரிங்க.

கல்லுக்கட்டு, அப்புத்தளை

பீலிக்கரை "பள்ளத்துப் பக்கத்தை உயர்த்திச் சமாளிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எதைக் கொண்டு உயர்த்துவது? எல்லோரும் செய்வது ஒன்றுதான். தோண்டின மண்ணை அப்படியே புல்லுக்கு மேலே பள்ளத்துப் பக்கம் கொட்டி, மம்பட்டியால் தட்டிவிடுவார்கள். இங்கே ஒரு வீட்டில் மார்கழி மழைக்கு அந்தக் கரை உடையவில்லை, வழுக்கியது. கொட்டின மண் முழுசாக, பாய் போல, புல்லின் மேல் ஒன்றரை அடி கீழே இறங்கி நின்றது. கீழே இருந்த புல் அப்போதும் பச்சையாக இருந்தது.

புல்லும் வேரும் இருக்கிற கறுப்பு மண்ணை முதலில் வழித்து எடுங்கள். அடியில் வரும் கெட்டி மண்ணில் படி வெட்டுங்கள், படிக்கட்டு மாதிரி, மேட்டைப் பார்த்துச் சற்று உள்சாய்வாக. மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இடியுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரல் பட்டால் உடையும் ஈரம்தான் இடிக்கிற பதம். கரையின் தலைப்பு, அதாவது மேல் அகலம், அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை. இதற்கான இடத்தையும் அளவில் சேருங்கள்: 30 சென்டிமீட்டர் உயரக் கரைக்கு வெளியே 45, தலைப்பு 50. குளத்தை விட ஏறக்குறைய 1 மீட்டர் அதிகம் வேண்டும். 7 பேர்ச்சஸ் காணியில், அதாவது 177 சதுர மீட்டரில், வீடும் போன பிறகு இந்த 1 மீட்டர் பலருக்குக் கிடைப்பதில்லை.

யாரும் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவில் பொலித்தீன் இல்லாத குளம் வெட்டவே வெட்டாதீர்கள். கசிகிற தண்ணீர் எங்கேயும் போய்விடாது, உங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டின மண்சுவருக்குள்தான் இறங்கும். மண் நனைந்து பாரமாகும், பிடிப்பும் போகும். வெட்டுச் சுவர் 2 மீட்டர் உயரம் என்றால் அதன் மேல் விளிம்பிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளுங்கள், இன்னும் தள்ள முடிந்தால் நல்லது. மேலே மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், தரையில் வளைவாக வெடிப்பு இருந்தால், புதிதாக ஊற்றுக் கிளம்பியிருந்தால், அங்கே அளவெடுக்கிற வேலையே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவு, 2025 நவம்பரில் டித்வா புயல், இரண்டையும் கண்ட மலை இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வலய வரைபடம் இருக்கிறது, உங்கள் காணி எந்த வலயத்தில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். லயத்துக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

மேட்டுப் பக்கம் ஒரு கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வெட்டாமல் குளத்தைத் தொடாதீர்கள். கரையிலிருந்து 1 மீட்டர் மேலே, ஒரு அடி ஆழம், 100 அடிக்கு 1 அடி சாய்வு, ஏற்கெனவே இருக்கிற கானில் போய்ச் சேர வேண்டும். கான் இல்லாவிட்டால் ஒரே மழையில் மேலே இருக்கிற மண் முழுக்கக் குளத்துக்குள்.

பீலிக்கரை, கொட்டகலை

15 சென்டிமீட்டருக்குள்ளன்னுதான் எழுதினேன், கரை கட்டச் சொல்லல. அந்த உயரத்துக்குக் கருங்கல்லு ஒரு வரிசை, சீமெந்துச் சாந்துல பதிச்சாப் போதும், பொலித்தீனை அதுக்குப் பின்னால மடிச்சுச் செருகிடலாம். மத்தபடி கான் விஷயம் சரி. ஆனா குளத்துக்கு வெட்டுற கானைப் பக்கத்து வீட்டுப் பாத்திக்குள்ள திருப்பிவிடுறவங்களும் இருக்காங்க, அதையும் பார்த்துக்கணும்.

மாமரத்தடி, கண்டி

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம்ம பி.எச்.ஐ. ஐயா, ஒரு வீட்டுக் குளத்தைப் பார்க்க வந்தார். தண்ணியில மீன் ஓடுது, ஒரு நுளம்புப் புழுவும் இல்ல. வீட்டுக்காரருக்கு சந்தோஷம். ஐயா குனிஞ்சு, கரையில மடிச்சு விட்ட பொலித்தீனோட மடிப்பை விரலால விரிச்சு டோர்ச் அடிச்சார். அதுக்குள்ள ஒரு சிரட்டைத் தண்ணி, முழுக்க நெளியுது. நோட்டீஸ் எழுதியாச்சு. 2007ல வந்த நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்துக்கு மடிப்பு, குளம்னு வித்தியாசம் கிடையாது.

அதனால அளவெடுக்கும்போதே ரெண்டு விஷயம். கரைக்கு மேல வர்ற 30 சென்டிமீட்டரைச் சுருட்டி வைக்காதீங்க, வெளிப்பக்கம் சாயுற மாதிரி மண்ணுக்குள்ள புதைக்கணும். அடுத்தது வழிகுழாய். சரிவு குறைவாப் போட்டா குழாய் நடுவுல தொய்ஞ்சு தண்ணி தேங்கும், மீன் அங்க போகாது, நுளம்பு போகும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு குடுங்க.

குழாய் எத்தனை அங்குலம்னு கேட்டா எல்லாரும் கையில இருக்குற ஒன்றரையைப் போடுறாங்க. கூரைத் தண்ணியையும் குளத்துக்கு விட்டிருந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. 40 சதுர மீட்டர் கூரை, குளம் 8, மொத்தம் 48. 100 மில்லிமீட்டர் மழைக்கு 4,800 லீட்டர், ஊவாக்காத்து சொன்ன அந்த 3,100 லீட்டர் குளத்தை ஒண்ணரைத் தரம் நிரப்பும். மணிக்கு 75 மில்லிமீட்டர் கொட்டினா செக்கனுக்கு 1 லீட்டர் வருது. அதை இலை அடைச்ச வலையோட சின்னக் குழாய் விடாது. 110 மில்லிமீட்டர் பிவிசி போடுங்க, கரையில இருந்து 10 சென்டிமீட்டர் தாழ, வாயில வலை, வலைக்கு மேல ஒரு கையளவு வெளி. குழாயோட மறுமுனை கல்லு போட்ட கானுக்குப் போகணும். வெறும் மண்ணுல விட்டா அந்த இடத்துல பள்ளம் பறிச்சுக் கரைக்கு அடியில வந்து நிக்கும்.

நுளம்புப் புழுவைத் தின்ன கப்பி மீன் விடுங்கன்னு எல்லாருக்கும் சொல்லுறாங்க. கண்டி, மாத்தளைக்கு சரி. நுவரெலியாவுல சராசரியே 16 பாகைக்குக் கிட்ட, கப்பி நிக்காது. தங்கமீன் குளிரைத் தாங்கும், நுளம்புப் புழுவையும் தின்னும். திலாப்பியாவும் அங்க தீனி எடுக்காம சோர்ந்துடும். மீனுக்காக 60 சென்டிமீட்டருக்குக் குறையாம ஒரு பள்ளம் வேணும், ஆனா சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்டுல கரையோரம் 30 சென்டிமீட்டர் அகலம், 20 ஆழத்துல படி சுத்திவர வரணும், மேல கம்பி வலையும் வேணும். மலகூடக் குழிக்குக் கீழ்ச் சரிவுல குளம் வேண்டாம், 50 அடியாவது தள்ளி, முடிஞ்சா பக்கவாட்டில.

ரம்பொடைக்காரி

இத்தனை பேர் எழுதிட்டீங்க, மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் பார்க்கச் சொல்லலியே. முளை அடிச்சு, கோடு போட்டு, நூல் கட்டி எல்லாம் முடிஞ்சு முதல் அலவாங்கு இறங்கினதும் ஒரு சத்தம். கல்லுன்னு நினைச்சா தண்ணி ஆளுயரத்துக்குப் பீச்சுது. மேல ஊத்துல இருந்து ஆறு வீட்டுக்குப் போற குழாய், ஒரு அடி ஆழத்துல. அன்னைக்கு ராத்திரி ஆறு வீட்டுலயும் சட்டி காய்ஞ்சுது.

குழாய் போட்டவங்ககிட்ட கேளுங்க, அவங்க இல்லன்னா மேல தொட்டிக்கும் கீழ பைப்புக்கும் நேர்கோடு இழுத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் 1 மீட்டர் விட்டுடுங்க. மத்த இடத்துல மெல்லிசான கம்பியை மெதுவா இறக்கி, மீட்டருக்கு ஒரு இடம் 75 சென்டிமீட்டர் வரைக்கும் போகுதான்னு பாருங்க. நடுவுல 40லயே பாறை தட்டினா, வெட்டுறதுக்கு முன்னாடி காகிதத்துலயே குளத்தை ஒரு பக்கம் நகர்த்திடுறது சுலபம்.

பொலித்தீன் போடாம விட நினைக்கிறவங்க ஒரு அடி ஆழத்துல குழி தோண்டித் தண்ணி நிரப்புங்க. அது வடிஞ்சதும் திரும்ப நிரப்புங்க, மூணாவது தரம் நிரப்பினதும் குச்சியில குறிச்சு மூடி வைங்க. மூடாம விட்டாலே ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர்தான் வெயில் எடுக்கும், அதுக்கு மேல குறைஞ்சது மண்ணுக்குள்ள போனது. காலையில குழியே காலின்னா களிமண்ணுன்னு சொன்னவர் பேச்சை விட்டுட்டு பொலித்தீனுக்குக் காசு தேடுங்க.

ஊவாக்காத்து, வெலிமடை

அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு மட்டும், மண்ணு எங்க போகுது? 3.1 கன மீட்டர் பள்ளம்னா வெளிய வந்ததும் உதிர்ந்து கால் பங்கு கூடும், 3.9 கிட்ட. 60 லீட்டர் தள்ளுவண்டியில 65 நடை. கறுப்பு மேல்மண்ணை முதல்லயே தனியாக் குவிச்சுச் சாக்குப் போட்டு மூடுங்க, பாத்திக்கு அதுதான் வேணும். அடியில வர்ற மஞ்சள் மண்ணைப் பாத்தியில போட்டா கோவா தலை கட்டாது, பாதையில இருக்குற பள்ளத்துக்குத்தான் அது ஆகும். மழை மாசத்துல வெட்டாதீங்க: உங்க பக்கம் அண்ணன், வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும், எங்க பக்கம் ஐப்பசியில இருந்து தை வரைக்கும். எங்களுக்கு மாசி, பங்குனிதான் நல்லது.