ஃப்ளஷ் வராத கையோடு ரிவரில் முழுப் பாட் போட்டது சரியா?

கெடிலம்:
சனிக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் ஹோல்டெம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஆடினோம். ஆறு பேர், காசு கிடையாது, ஆளுக்கு 10,000 சிப்ஸ். பிளைண்டு, அதாவது சீட்டுப் பிரிக்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை, 50-100. பட்டனில் (கடைசியாக முடிவெடுக்கும் இடம்) எனக்கு இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் 5. நான் 250 போட்டேன். பிக் பிளைண்டு, அதாவது அந்த 100 வைத்தவர், மட்டும் கால் செய்தார் (என் தொகைக்கு ஈடாகப் போட்டார்). பாட் (நடுவில் சேர்ந்த தொகை) 550.

ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 9, டைமண்ட் 3. அவர் செக் (எதுவும் போடாமல் விட்டார்), நான் 300, அவர் கால். டர்ன் (நான்காவது சீட்டு): கிளாவர் 7. செக், 800, கால். பாட் 2750. ரிவர் (கடைசிச் சீட்டு): ஆர்ட்டின் 2. ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வரவில்லை. அவர் மறுபடியும் செக் செய்ய, நான் 2750 போட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு கால் செய்தார். ராஜா-ஜாக்கி வைத்திருந்தார், நடுவில் கிடந்த ராஜாவோடு ஜோடி.

பாட் போனாலும் முடிவு சரிதான் என்கிறேன். கையில் ஏஸ்-ராஜா இருந்திருந்தாலும் மூன்று சுற்றிலும் இப்படியேதான் போட்டிருப்பேன். அவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

லாஸ்பேட்டைக்காரன்:
தம்பி, ஃப்ளாப்பிலும் டர்னிலும் போட்டதில் எனக்குச் சண்டையே இல்லை. ஃப்ளாப்பில் இன்னும் இரண்டு சீட்டு பாக்கி. ஒன்பது இஸ்பேடில் ஒன்று விழ ஏறக்குறைய 35 சதவீதம். டர்னில் 46-க்கு 9, அதாவது 20-க்குச் சற்றுக் கீழே. அவர் மடிக்காவிட்டாலும் சீட்டு காப்பாற்றலாம். ரிவரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. அங்கே ஒரே கேள்விதான்: உன்னை ஜெயிக்கிற எந்தக் கையை மடிக்க வைக்கிறாய்?

உப்பாறு:
முழுப் பாட் பிளஃப் (பலமில்லாத கையோடு மிரட்டிப் போடுவது) இரண்டுக்கு ஒரு தடவை பலித்தால் போதும், முதல் திரும்பிவிடும். ஃப்ளஷுக்குக் காத்திருந்து ஏமாந்த கை அவரிடமும் இருக்கலாமே. இஸ்பேட் ராணி-ஜாக்கி, இஸ்பேட் 10-8 எல்லாம் உடனே மடியும். அவற்றோடு 9-இல் ஜோடி சேர்ந்த கைகளையும் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். கெடிலம் செய்தது சரி.

லாஸ்பேட்டைக்காரன்:
கணக்கு அங்கேதான் தப்புகிறது. இஸ்பேட் ராணி-ஜாக்கியை ஏஸ் ஏற்கெனவே ஜெயிக்கிறது. செக் செய்து சீட்டைத் திறந்தாலே அந்த 2750 தம்பிக்குத்தான். செக் செய்தாலும் வருகிற பாட்டை பிளஃப்பின் லாபமாக எழுதக் கூடாது. அந்தக் கைகளை இரண்டு பக்கமும் அடித்துவிடுங்கள்.

மிச்சம் என்ன? வெளியே மூன்று ராஜா இருக்கிறது. ராஜா-ராணி 12 விதம் (மூன்று ராஜா, நான்கு ராணி), ராஜா-ஜாக்கி 12, ராஜா-10 12. மொத்தம் 36, இவை கால் செய்யும். 9-ல் ஏஸ்-9 9 விதம் (ஒரு ஏஸ் தம்பியிடம் இருக்கிறது), 10-9 12, 9-8 12. மொத்தம் 33, இவை மடியும் என்றே வைத்துக்கொள்வோம். 33 தடவை 2750 வருகிறது, 36 தடவை 2750 போகிறது. இதற்கு எதற்கு பிளஃப்?

கெடிலம்:
ஒரே இனத்து ராணி-9, ஜாக்கி-9 ஆறு விதம் இருக்கிறது அண்ணே, அதை விட்டுவிட்டீர்கள். அவர் அதையும் பிக் பிளைண்டில் கால் செய்வார். மடிகிறவை 39 ஆகிவிட்டது. அதோடு 2017-இல் பிட்ஸ்பர்கில் லிப்ரேடஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்தது. பாட்டை விடப் பெரிய தொகையைக்கூடத் தயங்காமல் போட்டது. ஃப்ளஷ் வராத போதெல்லாம் நான் செக் செய்தால், வாராவாரம் கூட ஆடுகிறவர்களுக்கு என் கை கண்ணாடி மாதிரி தெரிந்துவிடும்.

லாஸ்பேட்டைக்காரன்:
அப்படியானால் ஒரே இனத்து ராஜா-9 மூன்று விதத்தையும் சேர்க்க வேண்டும். 39-க்கு 39. ஒரு 9 விடாமல் மடிந்தாலும் லாபம் பூஜ்யம்.

பிளஃப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கையோடு என்பதுதான் கேள்வி. ஆர்ட்டின் ஜாக்கி-10 வைத்திருந்தால் பார். டர்னில் ராணி விழுந்தாலும் 8 விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) வாய்ப்பு, அதனால் 800 போடலாம். ரிவரில் உன் ஜாக்கியும் 10-ம் அவருடைய ராஜா-ஜாக்கியையும் ராஜா-10-ஐயும் 12-இலிருந்து ஒன்பது ஒன்பதாகக் குறைக்கும். என் முதல் கணக்கில் 36 என்பது 30 ஆகிவிடும். ஏஸ்-9 12, 10-9 9, 9-8 12, அதே 33. உன்னை ஜெயிக்கிற இஸ்பேட் ராணி-ஜாக்கியும் மடியும், அது முழு லாபம். இஸ்பேட் ஏஸில் இது எதுவுமே இல்லை.

உப்பாறு:
சரி, ஆனால் ஜாக்கி-10 போதாதே. நிஜமான பலத்தோடு முழுப் பாட் போட ஏஸ்-ராஜா 12, ஏஸ் ஜோடி 6, ராஜா, 9, 7, 3 ஜோடிகள் மும்மூன்று விதம், ஆக 30 விதம். இரண்டு நிஜத்துக்கு ஒரு பிளஃப் என்றால் 15 வேண்டும். இஸ்பேட் இல்லாத ஜாக்கி-10 ஒன்பதுதான். மிச்சம் ஆறுக்கு எங்கே போவது?

லாஸ்பேட்டைக்காரன்:
இஸ்பேடிலேயே 6-5, 5-4, 8-6 மாதிரி கைகள் இருக்கின்றன. செக் செய்தால் எதையும் ஜெயிக்காதவை. அவற்றால் நிரப்பலாம். ஏஸுக்குக் காட்டி ஜெயிக்கிற மதிப்பு இருக்கிறது, அதை ஏன் எரிக்க வேண்டும்?

கெடிலம்:
உங்கள் 39-க்கு 39-ஐ ஏற்றுக்கொண்டே சொல்கிறேன் அண்ணே. அது ராஜா ஒன்றுகூட மடியாது என்று வைத்துப் போட்ட கணக்கு. எதிரே இருந்தவர் ராஜா-ஜாக்கியோடு எவ்வளவு நேரம் தவித்தார் என்று நான் பார்த்தேன். ராஜா-10 என்றால் மடித்திருப்பார். அந்த 12 இந்தப் பக்கம் வந்தால் 51-க்கு 27. அதே ஆள், அதே போர்டு என்றால் நான் மறுபடியும் 2750 போடுவேன்.