முழங்கால் தண்ணீரில் தொழில் செய்பவர்களை யார் கேட்டார்கள்? – வன்னிக் கரையோர அனுபவங்கள்

பூநகரிப் பக்கத்திலிருந்து

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சி, வலைப்பாடு பக்கம் நடக்கிற கடற்றொழிலாளர் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுப்பது கொஞ்சக் காலம் என் வேலையாக இருந்தது. ஒரு கூட்டத்தில், கடல் தரையில் வாழும் கடலட்டையை வளர்க்கும் பண்ணைக்கு இடம் ஒதுக்கும் பேச்சு வந்தது. வந்திருந்த உத்தியோகத்தர், "இந்தத் துண்டில தொழில் ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். முன்வரிசை ஆண்கள் ஓமென்று தலையாட்டினார்கள். பின்னால் நின்ற ஓர் அம்மா, "ஐயா, அது நாங்கள் இறங்கிற இடம்" என்றார்.

அங்கே வள்ளம் ஓடாது, வலை விடவும் மாட்டார்கள். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் பெண்கள் உரப்பையோடு நடந்து போய் மட்டியும் நண்டும் அட்டையும் பொறுக்குவார்கள். எண்ணெய்ச் செலவோ முதலாளியோ கிடையாது. வருகிற காசு அவர்கள் கைக்குத்தான் வரும். பண்ணைக்கும் அதே இடம்தான் வேண்டும். அலை குறைவாக, கடற்புல் உள்ள ஆழமில்லாத தரையில்தான் தடி நட்டு வலை அடைப்பார்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்க 2022இல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஏக்கர் கணக்குப் போடும்போது நடந்து பொறுக்குகிறவர்களை யார் எண்ணப்போகிறார்கள்?

இங்கே கடற்றொழிலாளர் சங்கத்தில் உறுப்புரிமை படகை வைத்துத்தான். படகு புருஷன் பேரில், இல்லையென்றால் மகன் பேரில். பெண்கள் வாய் திறந்தால், "உங்களுக்கு மாதர் சங்கம் இருக்குத்தானே, அங்க கதையுங்கோ" என்பார்கள். மாதர் சங்கத்தில் கடனும் தையலும்தான் பேச்சு, கடல் அங்கே வராது.

பெண்கள் எல்லோரும் பண்ணைக்கு எதிர் என்று நினைக்க வேண்டாம். தன் பேரிலேயே ஒரு பண்ணை கேட்ட தங்கச்சியும் அதே கூட்டத்தில் இருந்தாள். சங்கத்தின் சம்மதக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். சங்கத்தில் அவளுக்குப் பெயரே இல்லை!

இரணைமாதாநகரிலிருந்து

எங்கள் மாமி இரணைதீவில் பிறந்தவர். 1992இல் இடம்பெயர்ந்து வந்த பிறகு தீவு கடற்படையின் கையில் இருந்தது. காணி போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். மாமி சொல்வது வேறு: அங்கே கரையில் இறங்கினால் அவருக்குச் சொந்தக் காசு இருந்தது. இங்கே வந்து அடுத்தவன் வலையில் நண்டு கழற்றும் கூலியானார்.

தீவுக்குத் திரும்பிப் போக விடச் சொல்லி 2017 மே 1இல் போராட்டம் தொடங்கியது. ஆண்கள் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும், அதனால் பந்தலில் நாள்கணக்காக இருந்தவர்களில் பெண்கள்தான் கூட. 2018 ஏப்ரல் 23இல் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டித் தீவில் போய் இறங்கியபோதும் முன்னுக்கு நின்றார்கள். பிறகு எங்கள் சங்கத் தெரிவு வந்தது. மாமிக்குக் கிடைத்தது தேநீர் ஊற்றுகிற பொறுப்பு.

முல்லைத்தீவிலிருந்து

எங்கள் ஊரில் கொஞ்சம் மாறின கதை. யுத்தத்தில் கணவனை இழந்த அக்கா ஒருவர் அவருடைய படகைத் தன் பேருக்கு மாற்றி, ஆட்களை வைத்துத் தொழில் செய்கிறார். கடலுக்குப் போவதில்லை, ஆனால் படகு இருப்பதால் சங்கத்தில் உறுப்பினர். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குவலையையும் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதையும் பற்றி, அப்படிப் பிடிக்கிற உறவினருக்குப் பயந்து ஆண்கள் மெளனமாக இருக்கும்போது இவர்தான் எழும்பிக் கேட்பார். அதே ஊரில் நந்திக்கடல் களப்பில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குச் சங்கத்தில் அந்த இருக்கை இல்லை.

பூநகரிப் பக்கத்திலிருந்து, மீண்டும்

முல்லைத்தீவு அக்காவின் கதை எனக்கு உதவுகிறது, நன்றி. படகுதான் கதவு என்றால் படகில்லாதவர்களுக்கு வேறு கதவு வேண்டும். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் மீன்பிடிக் குழு 2014இல் ஏற்றுக்கொண்ட சிறு மீன்பிடி வழிகாட்டல்கள், பிடிப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலையையும் மீன்பிடித் துறைக்குள்தான் சேர்க்கின்றன. ஆண் பெண் சமத்துவம் அதில் ஓர் அடிப்படைக் கொள்கை. ஆனால் சங்க யாப்பை மாற்றப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், அதில் வாக்குள்ளவர்கள் படகுக்காரர்கள்.

அந்த அம்மாவும் இன்னும் சிலரும் தாங்கள் இறங்கும் இடங்களை ஊர்ப்பெயரோடு ஒரு தாளில் வரைந்து, எந்த மாதம் எது கிடைக்கும் என்றும் எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுத்திருக்கிறார்கள். பதில் வந்தால் எழுதுகிறேன். மன்னார்ப் பக்கம் யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் எந்தக் கிளையில் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கோ.