மிச்ச டிக்கெட்டும் அப்பத்தா விரலும்

குழு: செல்லூர் அப்பத்தா வீடு

பெரியப்பா (காலை 6.12): எல்லோருக்கும் காலை வணக்கம். ஏம்ப்பா கார்த்தி, உன் மாமனார் மாமியாருக்கு எடுத்த டிஸ்னி வேர்ல்டு பூங்கா டிக்கெட்டில் 2 நாள் மிச்சம் என்றாயே. செல்வியும் அப்பத்தாவும் அடுத்த வாரம் அங்கேதானே வருகிறார்கள். அதைக் காட்டி உள்ளே போகட்டும். புதிதாக எதற்கு வாங்கணும்?

கார்த்தி (அமெரிக்கா, ஃபுளோரிடா மாநிலத்துத் தம்பா நகரிலிருந்து): முடியாது பெரியப்பா. முதல் நாள் வாசலில் ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்வார்கள். அந்த விரல் அந்த டிக்கெட்டோடு சேர்ந்துவிடும். அப்புறம் எத்தனை நாள் போனாலும் அதே விரல்தான்.

பெரியப்பா: ரேகையை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறானா?

கார்த்தி: அதை ஓர் எண்ணாக மாற்றிவிட்டுப் படத்தை அழித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எண் பொருந்தவில்லை என்றால் ஆள் மாறிவிட்டது என்று தெரிந்துவிடும்.

செல்வி அத்தை: அண்ணே, விடியக்காலையில் என்னைத் திருட்டு டிக்கெட்டில் ஏற்றப் பார்க்கிறீர்களே 😄

சரவணன் மாமா: இவ்வளவு கெடுபிடி எதற்கு மாப்பிள்ளை?

கார்த்தி: நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறையும் மாமா. 4 நாளுக்கு வாங்கி, 2 நாள் போய்விட்டு, மிச்சத்தை வெளியே விற்க ஆள் உண்டு. ஃபுளோரிடாவில் அப்படி விற்பது சட்டப்படியே குற்றம்.

பெரியப்பா: நாம் எங்கே விற்கிறோம்? சம்பந்தி வீட்டு டிக்கெட்.

கார்த்தி: சும்மா கொடுத்தாலும் வாசல் தாண்டாது. அதுவும் போக, 4 நாள் டிக்கெட்டை 7 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். அவர்கள் ஊருக்குக் கிளம்பியே ஒரு மாதம் ஆயிற்று. ஒரு நாள்கூடத் தொடாத டிக்கெட் என்றால், கட்டிய பணத்தைப் புது டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். இது பாதி சாப்பிட்ட இலை.

பெரியப்பா: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கண்ணாடி போட்டு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சரி, செல்வி மகள் யாழினிக்காவது அரை டிக்கெட் எடு.

கார்த்தி: 3 முதல் 9 வயது வரைதான் சிறுவர் டிக்கெட். 10 ஆனால் பெரியவர். சிறுவர் டிக்கெட்டும் பாதி விலை இல்லை, சில டாலர்தான் குறையும்.

பெரியப்பா: நம்ம ஊர் பஸ்ஸில் 5 வயது வரை டிக்கெட்டே கிடையாது, 12 வரை அரை டிக்கெட். ஒன்பது என்று சொல்லிவிடு. ஆள் சின்னதாகத்தானே இருக்கிறாள்.

செல்வி அத்தை: மாமா, நான் யாழினி, அம்மா போனில். எனக்குப் போன மாதமே 10 ஆகிவிட்டது. கேக் வாங்கி வந்ததே நீங்கள்தான். நான் 134 செ.மீ.

கார்த்தி: அது போதும் யாழினி. உள்ளே சவாரிகளில் ஏற உயரம்தான் பார்ப்பார்கள். ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு 112 செ.மீ. வேண்டும். உன் மாமா பேச்சைக் கேட்டுச் சின்னப் பிள்ளையாக நடிக்காதே.

அப்பத்தா (குரல் பதிவு, மதினி எழுதியது): ஏய்யா கார்த்தி, ரேஷன் கடை மிஷினில் என் விரல் பதியவே மாட்டேன் என்கிறது. துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அரிசி வாங்கவே அந்தப் பாடு. கடல் தாண்டி வந்து வாசலில் நிற்கவா?

கார்த்தி: நிற்க மாட்டீர்கள் அப்பத்தா. விரல் வேண்டாம் என்றால் போட்டோ உள்ள அடையாள அட்டையைக் காட்டலாம். பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு வாருங்கள், ஜெராக்ஸ் வேண்டாம். ஆதாரை அங்கே நீட்டாதீர்கள். பையையும் சோதிப்பார்கள்.

செல்வி அத்தை: சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

கார்த்தி: தாராளமாக. புளியோதரை கட்டிக்கொள்ளலாம், சூடுபண்ணித் தரமாட்டார்கள், அவ்வளவுதான். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. செல்ஃபி குச்சியும் கூடாது.

அப்பத்தா (குரல் பதிவு, மதினி எழுதியது): நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடியாச்சே.

கார்த்தி: பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

பெரியப்பா: டப்பா கொள்ளாமல் ஜாடியில் மிச்சம் இருந்தால் இங்கே அனுப்பு. அதற்கு என் விரல் பொருந்தும்.